டிரேஸ் பஃபரை எங்கே வைப்பது, எப்போது நிறுத்துவது

சிப்புக்குள் ஓடும் புரோகிராம் எழுதுகிற எம்பெடட் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், டிரேஸ் பஃபர் (புரோகிராம் எந்த வழியாக ஓடியது என்று பதிவாகும் மெமரித் துண்டு) என்றதும் முதலில் அளவைத்தான் கேட்பார்கள். “ஒரு கேபி போதுமாண்ணா, நாலு கேபி ஒதுக்கணுமா?” என்னைக் கேட்டால் அது மூன்றாவது கேள்வி. பஃபர் ரேமில் எந்த முகவரியில் உட்காருகிறது என்பது முதல் கேள்வி. அதில் எழுதுவது எப்போது நிற்கிறது என்பது இரண்டாவது. இந்த இரண்டையும் சரியாகச் செய்துவிட்டால் ஒரு கேபியே பல சமயம் உபரி. செய்யாவிட்டால் பதினாறு கேபி கொடுத்தாலும் குப்பைதான் தேறும்.

நான் சொல்லப்போவது கார்டெக்ஸ் எம்0 பிளஸ் என்ற புராசஸர் கோரில் வரும் மைக்ரோ டிரேஸ் பஃபரைப் பற்றி. சுருக்கமாக எம்டிபி. நான் அதிகம் புழங்கியது சேம் டி21 சிப்பில். ஆர்டுயினோ சீரோ போர்டில் உட்கார்ந்திருப்பதும் அதே குடும்பம்தான்: 48 மெகாஹெர்ட்ஸ், 256 கேபி ஃப்ளாஷ், 32 கேபி ரேம். கையில் அந்த போர்டு இருப்பவர்கள் இதைப் படித்த கையோடு செய்து பார்க்கலாம், தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

எம்0 பிளஸ்ஸை ஆர்ம் நிறுவனம் 2012இல் வெளியிட்டது. சின்ன கோர், மின்சாரம் கொஞ்சமாகத்தான் குடிக்கும், விலையும் குறைவு. ஆனால் டீபக் செய்கிறவனுக்கு இந்தச் சிக்கனம் வலிக்கும். எம்3, எம்4 கோர்களில் ஹார்ட்ஃபால்ட் வந்தால், அதாவது மேற்கொண்டு ஓட முடியாத பிழையில் கோர் மாட்டினால், காரணம் சொல்ல ரிஜிஸ்டர்கள் உண்டு. பஸ் ஃபால்ட்டா, தப்பான இன்ஸ்ட்ரக்ஷனா, எந்த முகவரியைத் தொட்டதால் வந்தது என்றெல்லாம் அவற்றில் பார்க்கலாம். எம்0 பிளஸ்ஸில் அவை கிடையாது. ஃபால்ட் வந்தது, அவ்வளவுதான் தெரியும். ஒற்றைப் பின் வழியாக லாக் அனுப்பும் ஐடிஎம் வசதியும் இதில் இல்லை. மிச்சமிருப்பது ஸ்டாக்கில் தள்ளப்படும் எட்டு வேர்டுகள், அதாவது ஸ்டாக் ஃப்ரேம்: ஆர்0 முதல் ஆர்3 வரை, ஆர்12, லிங்க் ரிஜிஸ்டர் (அழைத்த இடத்துக்குத் திரும்ப வேண்டிய முகவரி), பிசி (ஓடிக்கொண்டிருக்கும் இன்ஸ்ட்ரக்ஷனின் முகவரி), ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டர். பாதி நேரம் இது போதும். மீதிப் பாதி நேரம் இது பொய் சொல்லும். எப்படிப் பொய் சொல்லும் என்பதைக் கீழே ஒரு நிஜ உதாரணத்தோடு காட்டுகிறேன்.

பிரிண்ட் போட்டுப் பார்க்கலாமே என்பீர்கள். 115200 பாடில் ஓர் எழுத்து வெளியேற ஏறக்குறைய 87 மைக்ரோசெகண்ட் ஆகும். அந்த நேரத்தில் 48 மெகாஹெர்ட்ஸ் சிப் நாலாயிரம் சைக்கிளைத் தாண்டியிருக்கும். இருபது எழுத்தில் ஒரு வரி பிரிண்ட் போட்டால் புரோகிராமின் நேரக் கணக்கே மாறிப்போகும். நேரம் சார்ந்த பக் என்றால் பிரிண்ட் போட்டதும் ஒளிந்துகொள்ளும், எடுத்ததும் திரும்ப வரும். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள்.

எம்டிபி செய்யும் வேலை மிகச் சாதாரணமானது. புரோகிராம் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும்வரை அது எதையும் எழுதாது. எப்போது தாவுகிறதோ, அதாவது பிராஞ்ச், ஃபங்ஷன் அழைப்பு, ரிட்டர்ன், இன்டரப்ட் என்று பிசி வேறிடத்துக்குப் போகிறதோ, அப்போது ரேமில் எட்டு பைட் எழுதும். இதற்குப் பாக்கெட் என்று பெயர். முதல் நான்கு பைட் எங்கிருந்து தாவியது, அடுத்த நான்கு பைட் எங்கே போனது. இன்ஸ்ட்ரக்ஷன் முகவரி எப்போதும் இரட்டைப்படைதான் என்பதால் கடைசி பிட் இரண்டிலும் சும்மா கிடக்கிறது. அதையும் வீணாக்கவில்லை. முதல் வேர்டின் கடைசி பிட் 1 என்றால் அந்தத் தாவல் இன்டரப்ட் அல்லது ஃபால்ட் போன்ற எக்ஸெப்ஷனால் வந்தது, புரோகிராமே தாவியது அல்ல. இரண்டாவது வேர்டின் கடைசி பிட் 1 என்றால் டிரேஸ் இங்கேதான் புதிதாகத் தொடங்கியது, இதற்கு முன் ஓர் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம்.

கம்ப்ரஷன் எதுவும் கிடையாது. பெரிய கோர்களில் வரும் ஈடிஎம் என்ற டிரேஸ் வசதியின் பதிவை வெளியே கொண்டுவர நான்கு டேட்டா பின், ஒரு கிளாக் பின், அதைப் பிடித்துக்கொள்ள விலை கூடிய ஒரு பெட்டி, வந்த பிட்டுகளைப் பிரித்துக் காட்ட ஒரு மென்பொருள் எல்லாம் வேண்டும். எம்டிபியின் பாக்கெட்டை மெமரி விண்டோவில் வெறும் கண்ணால் படிக்கலாம். ஒரு பாக்கெட்டின் போய்ச்சேர்ந்த இடத்துக்கும் அடுத்த பாக்கெட்டின் கிளம்பிய இடத்துக்கும் நடுவில் உள்ள இன்ஸ்ட்ரக்ஷன்கள் அத்தனையும் வரிசையாக ஓடியிருக்கின்றன. எந்த முகவரியில் எந்த இன்ஸ்ட்ரக்ஷன் என்று காட்டும் டிஸஅசெம்பிளி லிஸ்டிங்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பென்சிலால் கோடு போட்டபடியே போகலாம். நடுவில் ஓர் இஃப் இருந்து, அதற்குப் பாக்கெட் இல்லையென்றால், அந்த பிராஞ்ச் எடுக்கப்படவில்லை என்று தெரிந்துவிடும். எழுதப்படாததும் தகவல்தான்.

இதற்குத் தனி மெமரி கிடையாது. சிப்பின் சாதாரண ரேமிலிருந்தே ஒரு துண்டை எடுத்துக்கொள்ளும். ரேமுக்கும் கோருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதே எம்டிபிதான். டிரேஸ் எழுத வேண்டி வந்தால் அதற்குத்தான் முதல் உரிமை, கோர் கொஞ்சம் காத்திருக்கும். நடைமுறையில் இந்தத் தாமதத்தை நான் உணர்ந்ததே இல்லை. கஷ்டம் இடத்தில்தான். இஎஸ்பி32இல் இதே மாதிரி ஒரு வசதி உண்டு, டிராக்ஸ் என்று பெயர். அதை ஆன் செய்தால் ஒரு கோருக்கு 16 கேபி, இரண்டு கோருக்கும் சேர்த்து 32 கேபி மெமரி போய்விடும், வேறெதற்கும் பயன்படுத்த முடியாது. எம்டிபியில் அந்த முரட்டுத்தனம் இல்லை. வேண்டிய அளவை நாமே வைத்துக்கொள்ளலாம், ஆனால் இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும்.

இனி அமைப்பது எப்படி என்று பார்ப்போம்.

மொத்தமே நான்கு ரிஜிஸ்டர்கள். சேம் டி21இல் ஹெக்ஸ் 41006000 முகவரியில் தொடங்கி அடுத்தடுத்து இருக்கும்: பொசிஷன், மாஸ்டர், ஃப்ளோ, பேஸ். ரேம் எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்வது பேஸ், அதைப் படிக்க மட்டும்தான் முடியும். அடுத்த பாக்கெட் எங்கே எழுதப்படும் என்பது பொசிஷனில் இருக்கும். அது முழு முகவரி அல்ல, பேஸிலிருந்து எவ்வளவு தள்ளி என்பது. அதன் மூன்றாவது பிட்டுக்கு ராப் என்று பெயர், பஃபர் ஒரு சுற்று முடிந்து மேலெழுதத் தொடங்கிவிட்டால் அது 1 ஆகும். இன்ன இடம் வந்ததும் நிறுத்து என்று எல்லை வைக்க ஃப்ளோ. ஆன், ஆஃப், அளவு எல்லாம் மாஸ்டரில்.

அளவை பைட்டில் கொடுக்க முடியாது. மாஸ்க் என்ற எண்ணாகக் கொடுக்க வேண்டும், அதோடு நான்கைக் கூட்டி இரண்டின் அடுக்காக எடுத்துக்கொள்ளும். மாஸ்க் 0 என்றால் 16 பைட், 6 என்றால் 1024, 8 என்றால் 4096. மேல் பிட்டைப் போட்டால் ஆன். ஆக மாஸ்டரில் ஹெக்ஸ் 80000006 என்று எழுதினால் ஒரு கேபி பஃபர் ஓடத் தொடங்கிவிடும். எட்டால் வகுத்தால் 128 பாக்கெட், 128 தாவல்.

இவ்வளவு சுலபமா என்றால், இங்கேதான் ஒரு குழி இருக்கிறது. மாஸ்க் என்ற பெயருக்கேற்ப அந்த ஹார்ட்வேர் பொசிஷனின் கீழ் பிட்டுகளை மட்டும்தான் கூட்டிக்கொண்டு போகும். மேல் பிட்டுகளைத் தொடவே தொடாது. அதனால் ஒரு கேபி பஃபர் என்றால் அது ஒரு கேபியின் மடங்கான முகவரியில்தான் தொடங்க வேண்டும். அப்படித் தொடங்குகிறதா என்று ஹார்ட்வேர் சரிபார்க்காது. பிழை என்று எதுவும் வராது.

ஒருவர் ஒரு கேபி அரேயை அறிவித்துவிட்டு எந்த மடங்கில் தொடங்க வேண்டும் என்ற அலைன்மென்ட்டைச் சொல்லாமல் விட்டார் என்று வைத்துக்கொள்வோம். மெமரியில் இடம் பிரித்துக் கொடுக்கும் லிங்கர் அதை ஹெக்ஸ் 20000200இல் வைக்கிறது. டிரேஸ் அங்கிருந்து எழுதிக்கொண்டே போகும். 20000400ஐத் தொட வேண்டிய நேரத்தில் கீழ் பத்து பிட்டும் சுழியாகி 20000000க்குத் திரும்பிவிடும். அங்கே இருப்பது யாருடைய வேரியபிளோ. ஒவ்வொரு தாவலுக்கும் எட்டு பைட் அதன் மேல் விழும். கோர் எழுதிய எழுத்து இல்லை என்பதால் டேட்டா பிரேக்பாயின்ட் போட்டாலும் சிக்காது. ‘டீபக் செய்தால் மட்டும் வரும் பக்’ என்று இரண்டு பேர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பஃபர் ஒரு கேபி, மாஸ்க் 7 என்று இரண்டும் பொருந்தாமல் போனாலும் இதே கதிதான், அப்போது அடிவாங்குவது பக்கத்துவீட்டு மெமரி.

அலைன்மென்ட் சொன்னால் மட்டும் போதுமா? பிழை போய்விடும், ஆனால் இடம் வீணாகலாம். நாலு கேபி பஃபரை நாலு கேபி எல்லையில் உட்கார வைக்க லிங்கர் முன்னால் ஓட்டை விட்டுக்கொண்டே போகும். அந்த ஓட்டை மோசமான நாளில் நாலு கேபிக்குக் கொஞ்சம்தான் குறைவாக இருக்கும். எது எங்கே உட்கார்ந்தது என்று லிங்கர் எழுதித் தரும் மேப் ஃபைலைத் திறந்து பார்க்கிற பழக்கம் இருந்தால் கண்ணில் படும். அதனால் நான் எப்போதும் பஃபருக்கென்று லிங்கர் ஸ்கிரிப்டில் ஒரு செக்ஷன் எழுதி, ரேமின் தலைவாசலில், 20000000இலேயே வைத்துவிடுவேன். அது எல்லா அளவுக்கும் மடங்கான முகவரி, ஓட்டைக்கு வேலையில்லை. முகவரி எப்போதும் ஒன்றே என்பதால் டீபக்கர் ஸ்கிரிப்டையும் ஒருமுறை எழுதினால் போதும்.

அந்தச் செக்ஷனைத் தொடக்கத்தில் சுழியாக்காத வகையாக அறிவிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வாட்ச்டாக் (புரோகிராம் தொங்கினால் சிப்பைத் திரும்பத் தொடங்க வைக்கும் டைமர்) ரீசெட் செய்தாலும் பவர் போகாதவரை ரேமில் இருப்பது அப்படியே இருக்கும். நம் ஸ்டார்ட்அப் கோடுதான் நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் சுழியாக்கி, சாட்சியத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. அதேபோல் டிரேஸை ஆன் செய்யும் ஃபங்ஷன், பழைய டிரேஸை எடுத்து வைத்த பிறகுதான் பொசிஷனைத் திருப்பி எழுத வேண்டும்.

இப்போது இரண்டாவது கேள்வி. எப்போது நிறுத்துவது?

முதல்முறை எம்டிபியை ஆன் செய்து, ஒரு ஃபால்ட்டைப் பிடித்து, ஆவலோடு மெமரியைத் திறந்து பார்க்கிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான்:

00001264 00001264
00001264 00001264
00001264 00001264

128 பாக்கெட்டும் இதேதான். அந்த முகவரியைத் தேடினால் ஹார்ட்ஃபால்ட் ஹேண்ட்லர், அதாவது ஃபால்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷன், வரும். சிப் கம்பெனி கொடுக்கும் டெம்ப்ளேட்டில் அந்த ஹேண்ட்லரில் என்ன இருக்கும்? முடிவில்லாத ஒரு வைல் லூப். அது ஒரு பிராஞ்ச், தன்னிடமே தாவும் பிராஞ்ச். ஒவ்வொரு சுற்றும் ஒரு தாவல், ஒவ்வொரு தாவலும் எட்டு பைட். சுற்றுக்கு இரண்டு மூன்று சைக்கிள்தான். ஃபால்ட் நடந்து பத்து மைக்ரோசெகண்டுக்குள் முழு பஃபரும் மேலெழுதப்பட்டிருக்கும். கடையில் கேமரா வைத்து, திருட்டு நடந்த ராத்திரியின் மேல் பூட்டிக்கிடக்கும் ஷட்டரைப் பதிவு செய்துகொண்டே இருக்கிற மாதிரி. இங்கே பஃபரைப் பெரிதாக்கி ஒரு பயனும் இல்லை. நாலு கேபி கொடுத்தால் நாற்பது மைக்ரோசெகண்ட் தாங்கும்.

நிறுத்த வழி பல உண்டு. மேசையில் டீபக்கரோடு இருக்கும்போது வெக்டர் கேட்ச் போட்டுவிடுவதே சுத்தம். ஹார்ட்ஃபால்ட்டுக்குள் நுழைந்ததும் கோர் அங்கேயே நிற்கும், நின்ற கோர் தாவாது. டீபக்கர் இல்லாமல் ஓடும் பெட்டிக்கு, ஹேண்ட்லரின் முதல் வேலையே மாஸ்டர் ரிஜிஸ்டரில் சுழியை எழுதுவதாக இருக்க வேண்டும். சி ஃபங்ஷன் ஒன்றை அழைத்து, அதற்குள் இன்னொன்றை அழைத்து, அதில் நிறுத்தலாம் என்று இருந்தால் நாலைந்து பாக்கெட் அதற்கே போகும். நான் அசெம்பிளியில் மூன்று வரி எழுதி வைத்திருக்கிறேன்.

ஃபால்ட் இல்லாமல் தொங்கிப்போகும் கேஸுக்கு வாட்ச்டாக்கின் முன்னெச்சரிக்கை இன்டரப்ட் இருக்கிறது. சேம் டி21இல் ரீசெட்டுக்கு முன்னால் ஒருமுறை அது கூப்பிடும். அதில் எம்டிபியை நிறுத்திவிட்டால் எந்த லூப்பில் மாட்டிக்கொண்டிருந்தது என்பது அச்சடித்தாற்போல இருக்கும். தொங்கிப்போன புரோகிராமைப் பிடிக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. அங்கே 16 பாக்கெட்டே அதிகம், லூப் என்றாலே திரும்பத் திரும்ப அதேதானே.

ஃப்ளோ ரிஜிஸ்டரில் வாட்டர்மார்க் வைத்து, அந்த இடம் வந்ததும் தானாக நிறுத்து அல்லது கோரையே நிறுத்து என்றும் சொல்லலாம். பூட் ஆவதிலிருந்து முதல் சில நூறு தாவல்களைப் பார்க்க இது நல்லது. கிராஷ் தேடுகிறவனுக்கு அவ்வளவாக உதவாது. அவனுக்கு வேண்டியது கடைசி, முதல் அல்ல.

மேலே ஸ்டாக் ஃப்ரேம் பொய் சொல்லும் என்றேனே, அதற்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் கிணற்று மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வைப்பது சகஜம். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு ஜிஎஸ்எம் மாட்யூல், சிம் கார்டு, நம் மைக்ரோகன்ட்ரோலர். எஸ்எம்எஸ் அனுப்பினால் மோட்டார் ஓடும், நிற்கும். எந்த எண்ணிலிருந்து வரும் எஸ்எம்எஸ்ஸை ஏற்க வேண்டும் என்பதையும் எஸ்எம்எஸ்ஸிலேயே பதிவு செய்யலாம். அப்படி ஒரு பெட்டி உடுமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தகராறு செய்தது. சர்வீஸ் பையன் போனில் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: “சார், மோட்டார்ல ஒண்ணுமில்லீங்க. பெட்டிதானுங்க செத்துச் செத்துப் பொழைக்குது.” நிமிடத்துக்கு ஒருமுறை ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது.

தோட்டத்தில் நடக்கும் எதற்கும் முதல் சந்தேகம் மோட்டாருக்குக் கரண்டை இணைத்து விடும் சுவிட்சான கான்டாக்டர் மேல்தான் விழும். காயில் விடும்போது வரும் நாய்ஸ், யுவார்ட் லைனில் குப்பை. நாய்ஸை அடக்கும் ஸ்னப்பரை மாற்றிப் பார்த்தார்கள், ஒயரைத் தள்ளிக் கட்டிப் பார்த்தார்கள். பெட்டியைக் கழற்றி எங்கள் மேசைக்கு அனுப்பினால் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. திருப்பி அனுப்பினால் மறுபடி அதே கதை. நாய்ஸ்தான் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

ஃபர்ம்வேர் கடைசி ஃபால்ட்டின் பிசியையும் லிங்க் ரிஜிஸ்டரையும் சேமித்து வைத்திருந்தது. பிசியில் அர்த்தமில்லாத ஒரு முகவரி. லிங்க் ரிஜிஸ்டர், செட்டிங்ஸ் கெடாமல் இருக்கிறதா என்று பார்க்க உதவும் கூட்டுத்தொகையை, அதாவது செக்சத்தைப் போடும் ஃபங்ஷனுக்குள் காட்டியது. ஆக இரண்டாவது குற்றவாளியாக செக்சம் மாட்டியது. ஒருவர் அதை வரிவரியாகப் படித்தார். அதில் தப்பு எதுவும் இல்லை, இருக்கவும் முடியாது. பத்து வரிக் கோடு.

மேசையில் ஏன் வரவில்லை என்பதற்கு விடை ரொம்பச் சப்பையானது. பெட்டியை அனுப்பும்போது தோட்டக்காரர் சிம்மை எடுத்து வைத்துக்கொள்வார். அவர் எண், அவர் ரீசார்ஜ், அவர் எதற்கு அனுப்ப வேண்டும்? சிம்மோடு அனுப்பச் சொன்னதும் மேசையிலேயே செத்துச் செத்துப் பிழைக்க ஆரம்பித்தது. வெக்டர் கேட்ச், ஒரு கேபி எம்டிபி. கடைசி மூன்று பாக்கெட்:

00003288 00004912
00004918 38393434
38393435 00001264

கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கடைசி வரியில் முதல் வேர்ட் ஒற்றைப்படையில் முடிகிறது, ஆக எக்ஸெப்ஷன்: 38393434 என்ற இடத்தில் இருந்தபோது ஃபால்ட் அடித்து ஹேண்ட்லருக்குப் போயிருக்கிறது. அதற்கு முந்தைய வரி, 00004918 என்ற இன்ஸ்ட்ரக்ஷன் அங்கே தாவியது. லிஸ்டிங்கில் 4918ஐப் பார்த்தால், எண்ணைப் பதிவு செய்யும் ஃபங்ஷனின் கடைசி வரி, ஸ்டாக்கிலிருந்து பிசியைப் பாப் செய்யும் இன்ஸ்ட்ரக்ஷன். அதற்கும் முந்தையது செக்சம் ஃபங்ஷன் ஒழுங்காக வேலையை முடித்துத் திரும்பியது. செக்சம் நிரபராதி.

அப்படியென்றால் லிங்க் ரிஜிஸ்டர் ஏன் அதைக் காட்டியது? செக்சம் ஃபங்ஷன் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு குட்டி ஃபங்ஷனை அழைக்கிறது. அழைக்கும்போதெல்லாம் லிங்க் ரிஜிஸ்டரில் செக்சத்துக்குள் திரும்ப வேண்டிய முகவரி எழுதப்படும். செக்சம் முடிந்து திரும்பும்போது ரிட்டர்ன் முகவரி ஸ்டாக்கிலிருந்து நேராக பிசிக்குப் போகிறது, லிங்க் ரிஜிஸ்டரை யாரும் தொடுவதில்லை. அதில் பழையதே கிடக்கும். அதற்குப் பிறகு வேறு அழைப்பு எதுவும் இல்லாமல் வெளி ஃபங்ஷன் பாப் செய்து செத்துப்போனால், ஃப்ரேமில் தெரிவது செக்சத்தின் முகவரிதான். லிங்க் ரிஜிஸ்டர் சொல்வது கடைசியாக யார் அழைத்தார்கள் என்பதை. நாம் கேட்பது கடைசியாக யார் தாவினார்கள் என்பதை.

38393434ஐ மெமரி வரிசையில் பைட் பைட்டாகப் பிரித்தால் 34, 34, 39, 38. ஆஸ்கியில் 4, 4, 9, 8. முகவரி இல்லை, போன் எண்ணின் நடுத்துண்டு. அந்த ஃபங்ஷனில் எண்ணை நகலெடுக்க 16 பைட் அரே. பிளஸ், 91, பத்து இலக்கம், முடிவுக்குறி, எல்லாம் சேர்த்து 14, சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தார்கள். தோட்டக்காரர் தன் எண்ணையும் மகன் எண்ணையும் நடுவில் ஒரு கமா போட்டு ஒரே எஸ்எம்எஸ்ஸில் அனுப்பியிருக்கிறார். நியாயமான ஆசைதான். 27 எழுத்து. அரேவுக்கு 16, சேமித்த ஆர்4க்கு 4, அடுத்த நான்கு எழுத்து ரிட்டர்ன் முகவரியின் மேல். ரீசெட் ஆனதும் சிம்மில் படிக்கப்படாத எஸ்எம்எஸ் அப்படியே இருக்கும், பெட்டி அதை மறுபடி எடுத்துப் படிக்கும், மறுபடி சாகும்.

இதைக் கண்டுபிடிக்க மூன்று பாக்கெட், 24 பைட் போதுமானதாக இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் என்ன நடந்தது, எந்த வழியாக அந்த ஃபங்ஷனுக்குள் வந்தது என்று பார்க்க மேலே போனால், மீதி 125 பாக்கெட்டும் செக்சம்தான். பைட்டுக்கு மூன்று தாவல்: அழைப்பு, திரும்புதல், லூப்பின் பிராஞ்ச். செட்டிங்ஸ் 128 பைட், ஆக 384 பாக்கெட். ஒரு கேபியில் அதன் வாலில் நாற்பது பைட்டுக்கான தாவல்கள்தான் அடங்கும். இரண்டு கேபிக்கு மாற்றினாலும் செக்சத்தைத் தாண்டாது. நாலு கேபி என்றால் 512 பாக்கெட், செக்சம் போக 128 மிஞ்சும். ரேமில் எட்டில் ஒரு பங்கைக் கொடுத்து, அதில் முக்கால்வாசியை ஒரு லூப்புக்குத் தின்னக் கொடுப்பதா?

நான் செய்தது வேறு. செக்சத்துக்குள் நுழைந்ததும் மாஸ்டரின் ஆன் பிட்டை அணை, வெளியேறும்போது போடு. இரண்டு ரிஜிஸ்டர் எழுத்து. மெம்செட், மெம்காப்பி, டிலே லூப், டிஸ்பிளேக்கு பைட் தள்ளும் லூப் எல்லாவற்றுக்கும் இதையே ஒரு மேக்ரோவாக வைத்துவிட்டேன். டிரேஸில் அந்த இடங்களில் இரண்டாவது வேர்டின் கடைசி பிட் 1 ஆகத் தெரியும், தையல் போட்ட இடம் அது என்று புரிந்துகொள்ளலாம். சில சிப்களில், கைனெட்டிஸ் கேஎல்25 மாதிரி, இந்த முகவரி வந்தால் தொடங்கு, அந்த முகவரி வந்தால் நிறுத்து என்று ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு கம்பாரேட்டர் ஹார்ட்வேரிலேயே உண்டு, கோடில் கை வைக்க வேண்டாம். வசதிதான், ஆனால் தொல்லை கொடுக்கும் லூப்புகள் எப்போதும் இரண்டுக்கு மேல் இருக்கும்.

வேலை இல்லாதபோது சுற்றும் ஐடில் லூப்பையும் மறக்கக் கூடாது. மில்லிசெகண்டுக்கு ஒருமுறை சிஸ்டிக் டைமரின் இன்டரப்ட் வந்து எழுப்பினால், உள்ளே போக ஒரு பாக்கெட், எக்ஸெப்ஷனிலிருந்து திரும்பி வர இரண்டு. திரும்பும்போது முதலில் ஏழு எஃப்-களும் ஒரு 9-உம் கொண்ட அந்த விசித்திர முகவரிக்குத் தாவுவதாகவும், பிறகு அங்கிருந்து பழைய இடத்துக்குத் தாவுவதாகவும் எழுதும். லூப்பின் பிராஞ்ச் இன்னொன்று. ஹேண்ட்லருக்குள் நடப்பது தனி. சும்மா தூங்கி எழுந்தாலே சில பத்து மில்லிசெகண்டில் ஒரு கேபி தீர்ந்துவிடும். ஐடிலுக்குள் போகும்போது அணைத்து, வேலை வந்ததும் போடுவது என் வழக்கம். இவ்வளவையும் செய்த பிறகுதான் அளவைப் பற்றி யோசிப்பேன், அந்தக் கட்டத்தில் ஒரு கேபிக்கு மேல் தேவைப்பட்டது மிக அரிது.

அந்தப் பெட்டியில் நீளத்தைச் சரிபார்க்கும் ஒரு வரியைச் சேர்த்தார்கள், இரண்டு எண்ணை ஏற்கும் வசதியையும் சேர்த்தே கொடுத்தார்கள். எம்டிபியை நான் வெளியே போகும் பில்டிலும் விட்டுவைத்தேன். டீபக்கர் இல்லாமல் அது ஓடுகிறதா என்பதை உங்கள் சிப்பில், சிப்பைப் பூட்டும் உங்கள் லாக் பிட்டுகளோடு ஓட்டிப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

ஃபால்ட் ஹேண்ட்லர் டிரேஸை நிறுத்தி, பொசிஷனிலிருந்து பின்னோக்கிப் போய் கடைசிப் பத்து பாக்கெட்டை சுழியாக்கப்படாத ஓர் இடத்தில் நகலெடுத்து, ஒரு செக்சமும் போட்டுவிட்டு ரீசெட் செய்யும். பத்து ஏன் என்றால், ஒரு பாக்கெட்டை ஹெக்ஸில் எழுத 16 எழுத்து, பத்துக்கு 160, ஓர் எஸ்எம்எஸ்ஸின் நீளம் அச்சாக அவ்வளவுதான். ஃப்ளாஷ் 256 கேபி என்பதால் முகவரிக்கு ஐந்து ஹெக்ஸ் எழுத்தே போதும், 16 பாக்கெட் அனுப்பலாமே என்று ஒருவர் கேட்டார். 38393434 மாதிரி முகவரிதான் நமக்கு வேண்டியது, அதை ஐந்து எழுத்தில் அடக்க முடியாது. ஹேண்ட்லருக்குள் இருந்தபடியே எஸ்எம்எஸ் அனுப்ப முயல்வதில்லை. ஸ்டாக் எந்த நிலையில் இருக்கிறதோ தெரியாது. மறுபடி பூட் ஆகி, மாட்யூல் நெட்வொர்க்கில் சேர்ந்த பிறகு, உள்பெட்டியில் இருக்கும் எஸ்எம்எஸ் எதையும் படிக்கும் முன்னால், முதல் வேலையாக அதை அனுப்பிவிடும்.